கம்பிக்கு அடியில் வைத்த தென்னை

என் அக்காவின் கணவர் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். கம்பியில் உரசும் கிளை யார் வீட்டு மரத்தில் இருந்தாலும் மாமா தயவுதாட்சண்யம் பார்க்க மாட்டார். அழுதாலும் வெட்டுவார், திட்டினாலும் வெட்டுவார். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னை சரியாகக் கம்பிக்கு அடியில் வளர்ந்தது. அதற்குக் குழி வெட்டியதும் அவரேதான்.

எல்லாம் ஒரு சண்டையால் வந்தது. அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பெட்டி படுக்கை அத்தனையையும் அக்கா ஒருத்தியே சுமந்தாள். மாமா எங்கேயோ புயலில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அவள் கோபம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நானும் வாங்கியிருக்கிறேன். கடைசியில் ஒருநாள் காலையில் தானாகவே வந்து, கொல்லையில் ஓரிடத்தைக் காட்டி, தென்னை வைக்கக் குழி வெட்டித் தர முடியுமா என்று கேட்டாள். மாமா அண்ணாந்து பார்த்தார். மேலே கம்பி போனது. ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துவந்தார். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள், இடம் சரியில்லை என்று சொல்லி எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது என்று நினைத்தாராம். கன்றுதானே, பிறகு நிதானமாகச் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாராம்.

கம்பி அக்காவின் கண்ணிலும் பட்டதுதான். லைன்மேனே குழி வெட்டுகிறார், ஆகாது என்றால் சொல்லமாட்டாரா என்று இருந்துவிட்டாள்.

மற்ற மரமென்றால் கிளையைக் கழித்துக் காலத்தை ஓட்டிவிடலாம். தென்னைக்கு உச்சியில் இருப்பது ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் மரமே போச்சு. கன்றாக இருக்கும்போது பெயர்த்து நட்டால்தான் உண்டு.

அக்கா அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். குழியின் அடியில் ஈரம் நிற்பதற்காகத் தேங்காய் மட்டைகளை அடுக்கி, மேலே மணலும் மக்கிய எருவும் போட்டாள். கன்றின் கழுத்தில் மண் ஏறாமல் பார்த்துக்கொண்டாள். முதல் கோடையில் நிழலுக்குப் பந்தல் போட்டாள். குருத்தைத் துளைக்க வந்த வண்டுகளை வளைந்த கம்பியால் குத்தி வெளியே இழுத்தாள். மாமா ஒவ்வொரு மாதமும் சொல்ல நினைத்தார். கல்லுளிமங்கன் கடைசிவரை சொல்லவே இல்லை. கன்று நகர்த்த முடியாத மரமாகிவிட்டது.

அதன்பிறகு மழைக்காலம் வந்தால் கம்பிப் பக்கம் போகும் ஓலைகளைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார், நீண்டதை அறுத்துவிடுவார். ஒரு நாள்கூடத் தன்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போகாத மனுஷன் மரத்துக்குத் தலை வாரிவிடுகிறார் என்று அக்கா என்னிடம் சொல்லிப் பூரித்தாள். மாமா பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆறாம் வருடம் மட்டைக்கு நடுவிலிருந்து முதல் பாளை எட்டிப்பார்த்தது. முதல் இளநீர் யாருக்கு என்று அக்கா தெருவெல்லாம் பேசியாகிவிட்டது. அந்த வாரமே அடித்த காற்றில் மாமா கட்டிய கயிறு அறுந்து, ஓலை கம்பியில் மோதியது. பொறி பறந்தது. கம்பி அறுந்து கொல்லையை ஒட்டிய சந்தில் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்போதுதான் அந்தச் சந்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். பார்க்க வந்த அதிகாரி மறுநாளே மரத்தை எடுக்கச் சொன்னார். கம்பத்தைத் தள்ளிப் போடலாமே என்று மாமா கெஞ்சினார். இத்தனை வருடம் எத்தனை பேருக்கு அப்படித் தள்ளிப் போட்டாய் என்று அதிகாரி கேட்டார்.

வெட்ட வந்தவர்கள் அவருடைய கூட்டாளிகள். அரிவாளை அவர்களிடம் கொடுக்க மாமாவுக்கு மனம் வரவில்லை, தானே வெட்டினார். நான் கயிறு பிடித்தேன். மரம் சாய்ந்ததும் ஒருவர் உச்சியைப் பிளந்து வெள்ளைவெளேரென்ற குருத்தை எடுத்து, நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தார். அக்காவும் ஒரு துண்டு வாங்கித் தின்றாள். நன்றாக இனிக்கிறது என்றாள். வெடிக்காத பாளை அவள் காலடியில் கிடந்தது. நான் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அவர்கள் போனபிறகுதான் கேட்டாள்.

"குழி வெட்டுன அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்தானே?"

மாமா தலையசைத்தார். "நீ அன்னிக்குத்தான் பேசவே ஆரம்பிச்ச. மறுபடியும் கோவிச்சுக்குவியோன்னு..."

"நாலடி தள்ளி வைக்கலாம்னு சொன்னா கோவிச்சுக்குவேனா? இவ்வளவுதான் என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

போன மாதம் மாமாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். அக்கா இப்போது எப்படி இருக்கிறாள், பேசுகிறாளா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுறா மச்சான்," என்றார். "எது சொன்னாலும் சரிங்கறா. சண்டைதான் போட மாட்டேங்கறா."