சோளகம் செல்லும்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் டிவியைத்தான் போடுவோம். அந்த நேரத்தில் தமிழ்ச் சொற்களை வைத்து ஒரு போட்டி நடக்கும். முதல் எழுத்தைக் காட்டி, ஒரு குறிப்பும் சொல்வார்கள். போட்டியாளர் சொல்லைக் கண்டுபிடித்துப் பலகையில் எழுத வேண்டும். நடுவர் பார்த்துவிட்டு “செல்லும்” என்பார், இல்லையென்றால் “செல்லாது” என்பார். அவர் வாயைத் திறக்கும் முன்பே என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அவர் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். பாம்பனில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடைய தங்கைக்கு. நாத்தனாரும் இந்த நிகழ்ச்சி என்றால் உலை கொதிப்பதைக்கூட மறந்துவிடுவாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தோம். ஏர்வாடி, வாலிநோக்கம், ராமநாதபுரம் என்று பல ஊர்க்காரர்கள் அதில் உண்டு. அவர்களில் யாரையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்று சாயங்காலம்வரை சண்டை நடக்கும். உப்பூர்க்காரர் ஒருவரும் என் கணவரும்தான் அதில் எதிரெதிர்க் கட்சி. ஒருவர் ஆமாம் என்றால் மற்றவர் இல்லை என்பார்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. மதுரை டாக்டர் சொன்னார்: “அவருக்கு எல்லாம் புரியும்மா. சொல்லு உள்ளே இருக்கு. வெளியே வர வழிதான் அடைபட்டிருக்கு.” மாதக்கணக்கில் அவரிடமிருந்து வந்தது “அது” என்ற ஒரே சொல். தண்ணீரும் அதுதான், வலியும் அதுதான், நானும் அதுதான். சொல் விளையாட்டைப் பார்த்தால் மனம் நொந்துபோவார் என்று நான் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியைப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே இடது கையால் ரிமோட்டை எடுத்து என் மடியில் போட்டார். டிவியைப் பார்த்து “அது” என்றார். போட்டேன். சத்தம் கேட்டு நாத்தனாரும் வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு விளையாடியது தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். முதல் எழுத்து ‘சோ’. தெற்கிலிருந்து வீசும் காற்று என்று குறிப்பு. அவள் யோசிக்கவே இல்லை, ‘சோளகம்’ என்று எழுதிக் காட்டினாள். நடுவர் பலகையைப் பார்த்தார். “சொல் சரி. ஆனால் சிறப்பு ழகரம் வரவேண்டும். எழுத்துப் பிழை. செல்லாது” என்றார்.

நாற்காலியின் கையைப் படாரென்று தட்டும் சத்தம் கேட்டது.

“செல்லும்.”

டிவியிலிருந்து வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். நாத்தனார் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. நடுவர்மேல்தான் கோபமெல்லாம். “செல்லும்” என்றார் மறுபடியும். குழறாமல், அவருடைய பழைய குரலிலேயே. எத்தனை மாதம் கெஞ்சியும் ‘சோறு’ என்றோ ‘தண்ணி’ என்றோ சொல்ல வராத வாயில், யாரும் கேட்காமலே ஒரு தீர்ப்பு வந்து நின்றது.

குழுவில் அதற்குள் ழகரமா ளகரமா என்று பிடித்துக்கொண்டார்கள். ஏர்வாடிக்காரர் ளகரம் என்றார். உப்பூர்க்காரர் நடுவர் பக்கம் நின்றார். நாத்தனார் போனை அவர் வாயருகே கொண்டுபோனாள். “அண்ணே, இங்கன சொல்லுங்க. என்ன தீர்ப்பு?” அவர் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பதிவு செய்து அனுப்பிவிட்டாள்.

குழுவில் எல்லோருக்கும் அவர் நிலைமை தெரியும். இனி கும்பிடுகிற கைகளும் ஆறுதல் வார்த்தைகளும் வரிசையாக வரும் என்று நினைத்து எனக்குச் சங்கடமாக இருந்தது. முதலில் வந்தது உப்பூர்க்காரரின் குரல்.

“அண்ணன் செல்லும்னு சொல்லிட்டா ஆச்சா? ஆதாரம் வேணும்ல?”

என் கணவரின் முகம் மாறியதை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனால் முகம் முழுக்க வெளிச்சம். ஆதாரம் சொல்ல உட்கார்ந்தார். உதட்டைக் குவித்தார், பிதுக்கினார், தலையை ஆட்டி வந்த சொல்லைத் தள்ளிவிட்டார். நான் மீன் கழுவி, குழம்பு வைத்து இறக்கிவிட்டு வந்தபோதும் அதே முயற்சியில்தான் இருந்தார். கடைசியில் வந்துவிட்டது: “எங்க... அய்யா... சொன்னது.”

மாமனார் பாய்மர வள்ளம் ஓட்டியவர். நாத்தனார் அழுதுகொண்டே அதையும் பதிவு செய்து அனுப்பினாள்.

உப்பூர்க்காரர் விடவில்லை. “உங்க அய்யா சொன்னது காதுக்குச் சரி. எழுத்துக்கு என்ன ஆதாரம்?”

என் கணவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி, ஞாயிறு தவறாமல் சண்டை. சொல் மாறியும் வரும். கரண்டியை ஏணி என்பார், என்னைத் தங்கச்சி என்பார். தப்பு என்று அவருக்கே தெரிந்து வாயை மூடிக்கொள்வார்.

சித்திரையில் உப்பூர்க்காரர் ராமேஸ்வரத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். விவசாயி, ஒல்லியான ஆள். ஒரு குலை நுங்கை வாசலில் இறக்கிவைத்தார். நலம் விசாரித்து முடிக்கும் முன்பே முந்தைய வாரத்துச் சண்டை தொடங்கிவிட்டது. ஜன்னல் என்ற சொல்லை நடுவர் ஏற்றுக்கொண்டிருந்தார். உப்பூர்க்காரருக்கு அது பொறுக்கவில்லை. “கப்பல்ல வந்த சொல்லுண்ணே அது. போர்ச்சுகல்காரன் விட்டுட்டுப் போனது. எப்படிச் செல்லும்?”

என் கணவர் பதில் சொல்ல முயன்றார். ஜன்னலை நோக்கிக் கை நீட்டினார். சொல் வரவில்லை. உப்பூர்க்காரர் எடுத்துக்கொடுக்கவில்லை, பார்வையை வேறு பக்கம் திருப்பவும் இல்லை. எதிராளியின் ஆட்டத்துக்குக் காத்திருப்பதைப் போல முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். நான் டீ டம்ளர்களோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“அலமாரி” என்றார் என் கணவர்.

சொல் தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். உப்பூர்க்காரர் கொஞ்சம் யோசித்தார்.

“சரிதான். அலமாரியும் அவன் கொண்டாந்ததுதான். அதை மட்டும் தமிழ்னு சொல்லிக்கிட்டுத் திரியுறோம்” என்றார். “நல்லா மடக்கிட்டீகண்ணே.”

தவறி வந்த சொல்லா, மடக்குவதற்கென்றே எடுத்த சொல்லா, எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோதும் என் கணவர் சொல்லவில்லை. அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்து, இடது கையை நீட்டி, என்னிடமிருந்து டீயை வாங்கிக்கொண்டார்.