கெராப்புத் தொட்டியில் ஒரு நத்தை

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில் வண்ணமீன் கடை வைத்திருந்த ஒருவரின் வலது சட்டைக்கை எப்போதும் தோள்வரை சுருட்டியே இருக்கும். என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கெராப்பு எனும் களவா மீன் தின்று போட்ட மிச்சம் நாறியது. அதைத் தின்று சுத்தம் செய்ய அவரிடம் இறால் கேட்டேன்.

“எறால் போட்டா கெராப்புக்குச் சாப்பாடுதான் லா, அண்ணே.”

மறுநாள் தடித்த ஓட்டு நத்தை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியில் இறக்கினார். கெராப்பு உடனே கவ்வியது. நான் வலையை எடுக்கப் போக, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பேசாம இருங்க. ஒரு தடவ வாயில போட்டுப் பார்த்துத் துப்பிரும். அப்புறம் தொடாது.”

குரலில் சந்தேகமே இல்லை. மீனின் தாடை அசைந்துகொண்டே இருந்தது. கடைசியில் துப்பியது. வெகுநேரம் கழித்து நத்தை மெல்லத் தலைநீட்டி, மணலில் கிடந்த மிச்சத்தை நோக்கி ஊர்ந்தது.

அப்போதுதான் கையை விட்டார். அத்தனை உறுதியாகச் சொன்னவரின் ஐந்து விரல்களும் என் மணிக்கட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தன.