கண்ணைக் கட்டிக்கொண்டு படித்த பிள்ளைகள்

என் அண்ணனுக்குக் கம்பத்தில் மோட்டார், பைப்பு கடை. வாங்குகிற மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் தன் மகள் விஷயமாக எனக்குப் போன் போட்டு, "பாப்பாவுக்கு மூளையத் தொறந்து விடுறாகளாம். அல்லிநகரத்துல மண்டபத்துல வச்சு நடத்துறாக. நீயும் வந்து கேளு, உனக்கும் உபயோகப்படும்" என்றான்.

எனக்கு உபயோகப்படும் என்று அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் தேனியில் மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். குழந்தை வளர்ச்சி என்பதுதான் நான் படித்த படிப்பு. எங்கள் வீட்டில் அதை யாரும் ஒரு படிப்பாக மதித்ததில்லை. "பிள்ளை வளக்குறதுக்கு ஒரு டிகிரியா?" என்று நான் கல்லூரியில் சேர்ந்த அன்றே சிரித்தவன் என் அண்ணன். அவன் சிரித்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. உலகத்தில் எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க ஆராய்ந்து கண்டுபிடித்தது என்னவென்றால், பிள்ளையோடு பேசு, அது பேசுவதைக் கேள், விளையாட விடு, அவசரப்படுத்தாதே. இதை வைத்துப் பேனர் அடிக்க முடியுமா? மண்டபம் பிடிக்க முடியுமா?

மூளையைத் திறந்துவிடுகிற அந்த ஆள் மண்டபம் பிடித்திருந்தான். ஏசி மண்டபம். மேடையில் கோட்டு சூட்டோடு, காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு நின்றான். பின்னால் திரையில் நீல வெளிச்சத்தில் ஒரு மூளை சுழன்றுகொண்டிருந்தது. இடது மூளைக்கும் வலது மூளைக்கும் நடுவில் இன்னொன்று தூங்கிக்கொண்டிருக்கிறதாம். ஒரு விதமான இசையைக் கேட்கவைத்தால் அது எழுந்து உட்காருமாம். எழுந்துவிட்டால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்குமாம். "ஆராய்ச்சியில நிரூபிச்சிட்டாங்க" என்றான். எங்கே, யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத கூட்டமா அது? வக்கீல் இருந்தார். பேங்க் மேனேஜர் இருந்தார். காலேஜில் இயற்பியல் பாடம் நடத்துகிற அம்மா ஒருவர் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். வெண்டைக்காய் வாங்கினால்கூட நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் அத்தனை பேரும்.

நான் எழுந்து, "எந்த ஆராய்ச்சி சார்? யார் பண்ணினது?" என்றேன்.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "மேடம், நம்பிக்கை உள்ளவங்களுக்குத்தான் இது வேலை செய்யும்" என்றான். கூட்டம் கை தட்டியது. மூளையைப் பற்றிய வகுப்பில், யோசிக்காதே என்று சொன்னதற்கு விழுந்த கைத்தட்டல் அது. அண்ணன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

பாப்பா அப்போது ஒண்ணாப்பு படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அது அந்த வயதுக்குச் சரியானதுதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை கடகடவென்று வாசிக்கிறதே, அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. அடுத்த சனி, ஞாயிறு அவளைக் கொண்டுபோய் விட்டான். வகுப்புக்குள் பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடையேற்றிக் காட்டினார்கள்.

எல்லாப் பிள்ளைகளின் கண்ணிலும் கறுப்புப் பட்டை. பாப்பா ஒரு சிவப்பு அட்டையைக் கையில் வாங்கினாள், தடவினாள், மோந்து பார்த்தாள், "செவப்பு" என்றாள். பிறகு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டி ஒரு வரி படித்தாள். கண்ணைத் திறந்துகொண்டு படிக்கும்போது எங்கே தடுக்குவாளோ அங்கேயேதான் இப்போதும் தடுக்கினாள். மூளை விழித்தும் எழுத்து விழிக்கவில்லை போல. மேடையில் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் தாடையைத் தூக்கிக்கொண்டு, புத்தகத்தை மூக்குக்குக் கீழே ஒரே உயரத்தில் பிடித்திருந்தது. அதைத் தலைக்கு மேலே பிடி என்று சொல்ல ஒரு தகப்பனுக்கும் தோன்றவில்லை. எல்லார் கையிலும் வீடியோ எடுக்கிற செல்போன் இருந்தது. அண்ணன் அழுதுவிட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் பாப்பாதான். கடைக்குச் சரக்கு இறக்க வந்தவருக்குக் கூடப் படித்துக் காட்டினாள்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது கொல்லையில் தனியாக உட்கார்ந்து செங்கல் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணக் கட்டுனா எப்படி ஆத்தா தெரியுது?" என்று கேட்டேன்.

"மூக்கு ஓரத்துல சந்து இருக்குல்ல அத்தை, அதுல."

"அங்கன இருந்த மிஸ்ஸுக்கு அது தெரியுமா?"

"தெரியலைன்னுதான் மொதல்ல சொன்னேன். எல்லாருக்கும் தெரியுது, உனக்கு மட்டும் ஏன் தெரியலைன்னு கேட்டாக. அப்புறம் பக்கத்துல இருந்த அக்கா கீழ பாருன்னு சொல்லுச்சு. பாத்துச் சொன்னேன். மிஸ் சாக்லேட் குடுத்தாக."

"அப்பாட்ட சொல்லலையா?"

அவள் செங்கல்லை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பாதான் எல்லாருட்டயும் சொல்லிட்டாகளே" என்றாள்.

அடுத்தவர் மனதில் இருப்பது தவறாகவும் இருக்கலாம் என்று ஒரு பிள்ளை நாலைந்து வயதில்தான் புரிந்துகொள்ள ஆரம்பிக்கிறது. வகுப்பில் இதைப் பெரிய விஷயமாக நடத்துவேன். பிஸ்கட் டப்பாவில் பென்சிலைப் போட்டு வைத்து, இதைத் திறந்து பார்க்காத உன் அண்ணன் உள்ளே என்ன இருக்கும் என்று நினைப்பான் என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். பாப்பா அந்தப் பாடத்தையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தாள். பெரியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்பது மட்டுமல்ல, ஏமாந்தபடியே இருக்க ஆசைப்படுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பெற்ற தகப்பனே கட்டணம் கட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பாப்பா சொன்னதாகச் சொல்லாமல், மேடையில் நான் பார்த்ததை மட்டும் அண்ணனிடம் சொன்னேன். "தலைக்கு மேல புடிச்சு ஒரு தடவை படிக்கச் சொல்லு, போதும்" என்றேன்.

"சோதிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக. சோதிச்சா அந்த சக்தி போயிருமாம்."

"ஓட்டிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னா மோட்டார் வாங்குவியா அண்ணே?"

"மோட்டாரும் பிள்ளையும் ஒண்ணா?" என்று கத்தினான். "நீ படிச்சதுல இதெல்லாம் இல்ல. அந்த வயித்தெரிச்சல்."

மதினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா சந்து வழியாகத்தான் பார்க்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

அப்புறம் பம்பு செட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நானும் இருந்தேன். இலை போடுவதற்கு முன்னால் அண்ணன் பாப்பாவைக் கூப்பிட்டு, தானே பட்டையைக் கட்டி, அதிகாரியின் விசிட்டிங் கார்டை அவள் கையில் கொடுத்தான். அவள் அதைத் தடவவில்லை. மோந்து பார்க்கவில்லை. சும்மா நின்றாள்.

"படி ஆத்தா."

"தெரியலப்பா."

"நல்லாப் பாரு."

"கண்ண மூடிக்கிட்டேம்ப்பா. மூடுனா தெரியாது."

அதிகாரி சிரித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அண்ணன் பட்டையை அவிழ்த்தபோது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றாள். இமையெல்லாம் சுருங்கியிருந்தது. "ரெண்டு நாளாக் காய்ச்சல் சார்" என்றான் அண்ணன். பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. மதினி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். பாப்பா அழவில்லை. "அப்பா அடிப்பாகளா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

அடிக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்தக் கோட்டுக்காரனுக்குப் போன் போட்டிருக்கிறான். இரண்டாம் கட்டப் பயிற்சி எடுக்காததால் சக்தி மங்கிவிட்டது என்று பதில் வந்ததாம். மதினிதான் முதல் தடவையாக வாயைத் திறந்து, "இனி எம்பிள்ளை கண்ணுல துணியக் கட்டுனீகன்னா நான் எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லி அதை நிறுத்தினாள். ஏமாந்த குடும்பங்களில் ஒன்றுகூட அந்த ஆளை எதிர்த்துப் பேசவில்லை. பேசினால், அழுதுகொண்டே எடுத்த வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பியதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அண்ணனும் இன்று வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பாப்பா இப்போது ரெண்டாப்பு. விருந்தாளி வந்தால் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. நிம்மதியாக இருக்கிறாள்.

போன மாதம் தேவதானப்பட்டி வழியாகப் பஸ்ஸில் போனபோது ஒரு மண்டபத்து வாசலில் அதே கோட்டுக்காரன் படம் போட்ட பேனரைப் பார்த்தேன். இந்தத் தடவை வயிற்றில் இருக்கிற குழந்தைக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். கர்ப்பிணிப் பெண்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருத்தி என்னிடம் பயிற்சி முடித்துப் போன ஆசிரியை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டவள். பஸ் ஜன்னலில் என்னைப் பார்த்ததும், சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.