தேங்காய் உடைத்த கேஸ்

பொலிஸ் பதிவை அழித்துத் தரச் சொல்லி மனு எழுதுவது என் தொழில். அதில் பொலிஸோடு மல்லுக்கட்டுவது லேசு, நம்மவரோடு மல்லுக்கட்டுவதுதான் சீவனைக் குடிக்கிறது. தெரிந்தவருக்கெல்லாம் படிவம் நிரப்பி நொந்துபோன அன்பர்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

வக்கீல் வேண்டாம்

லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வசந்தி அக்கா வந்தார். புதுக் கார் வாங்கிய அன்று வீட்டு வாசலில் தேங்காய் உடைத்திருக்கிறார். ஒரு பாதி பறந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரனின் கார்க் கண்ணாடியைப் பிளந்துவிட்டது. ஏற்கெனவே பார்க்கிங் சண்டையில் கறுவிக்கொண்டிருந்தவன், உடனே பொலிஸைக் கூப்பிட்டுவிட்டான்.

ஸ்டேஷனில் இலவசமாகவே வக்கீல் தருகிறோம் என்றார்களாம். அக்கா வேண்டாம் என்றுவிட்டு, சேதம் செய்ததை ஒப்புக்கொண்டு, எச்சரிக்கைத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டார். கோர்ட் இல்லை, தண்டனை இல்லை. பதிவு மட்டும் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் கிடைத்த வேலைக்கு இப்போது அதுதான் குறுக்கே நிற்கிறது. புருஷன் முதுகு நோவோடு வீட்டில். இந்த வேலையும் போனால் வாடகைக்கு வழியில்லை.

“ஏனக்கா வக்கீல் வேண்டாம் எண்டனீங்கள்?”

“வக்கீல் கேட்டால் களவெடுத்த ஆள் எண்டெல்லோ நினைப்பினம்?”

நற்சாட்சி

மனுவோடு சேர்க்க, நடந்தது தெரிந்த ஒருவர், இவர் நல்லவர் என்று எழுதித் தர வேண்டும். “நடந்ததைச் சொல்லி வாங்குங்கோ” என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். கோயில் தலைவரிடம் வாங்கி வந்தார். ‘பொலிஸ் வாசலே மிதித்தறியாதவர்’ என்று எழுதி, கோயில் முத்திரையும் குத்தியிருந்தது. இதைப் பொலிஸுக்கே அனுப்பவா? எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் வைத்துவிட்டேன். அக்காவோ அசையவில்லை.

“நடந்ததைச் சொன்னால் அந்தாள் எப்பிடித் தம்பி நல்லவ எண்டு எழுதித் தரும்?”

வீடியோ

தலைவரிடம் நானே போய் விளக்கி வேறு கடிதம் வாங்கினேன். ஆனாலும் அது தற்செயலாக நடந்தது என்று காட்ட ஒன்றும் இல்லை. முதியோர் இல்லத்து மனேஜரோ, இனி அதிக நாள் இடத்தை வைத்திருக்க ஏலாது என்றுவிட்டார். ஒருநாள் அக்காவின் புருஷன் போன் எடுத்து, “நான் அண்டைக்கு வீடியோ எடுத்தனானே, அது உதவாதோ?” என்றார். உடனே அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். தேங்காய் கல்லில் பட்டுத் தெறிப்பது அதில் பளிச்சென்று தெரிகிறது. இத்தனை மாதமும் இதை ஏன் மறைத்தீர்கள் என்று அக்காவிடம் கத்தியே விட்டேன்.

“சுபநேரம் தப்பப்போகுது எண்டு நைட்டியோடை ஓடி வந்திட்டன் தம்பி, அதைப் பொலிஸுக்குக் காட்டுறதோ?”

அழிந்தது

அக்காவைச் சம்மதிக்கவைத்து வீடியோவை மனுவோடு அனுப்பினேன். நைட்டிதான் காப்பாற்றியது. பதிவை அழித்துவிட்டதாகப் பதில் வந்தது, வேலையும் போகவில்லை. போனில் சொன்னபோது அக்கா விம்மி விம்மி அழுதார். மறுநாள் மோதகத்தோடு அலுவலகத்துக்கு வந்தார்.

“வேலை கிடைச்சால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன் எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்தனான் தம்பி, தேர் அண்டைக்கு றோட்டிலை உடைக்கப் போறன், கட்டாயம் வாங்கோ.”

அக்காவின் மனுவைக் கணினியிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கிறேன், தேதியை மட்டும் மாற்றினால் போதும்.