எழுபத்து நான்கு கிலோ

ஏற்றம் என்று வந்துவிட்டால் மரியமலருக்குக் கிட்ட யாரும் வர மாட்டார்கள். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் மாவட்டப் பெண்கள் சைக்கிளோட்டத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து அவள்தான் முதலாவது. வீடு திருகோணமலை லிங்கநகரில். நகரத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தாள். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, சாம்பல்தீவைத் தாண்டி நிலாவெளி மட்டும் ஓடித் திரும்பினால்தான் அன்றைய பாடத்துக்கு அவளுக்கு வாய் திறக்கும்.

அந்த ஓட்டத்தில் பழக்கமானவன்தான் றொபேட். மீன்பிடிச் சங்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். நல்ல ஆகிருதி. சமதரையில் அவன் மிதிக்கத் தொடங்கினால் அவனுடைய பின்சில்லைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். நகரத்துக்குள் இருக்கிற உவர்மலை ஏற்றத்தில் மட்டும் கதை மாறும். அவள் மேலே போய்க் காலூன்றி நின்று, தண்ணீரும் குடித்து முடிக்கிறபோதுதான் அவன் மூச்சு வாங்க வந்து சேருவான்.

“உமக்கென்ன, பஞ்சு மாதிரி இருக்கிறீர். நான் இவ்வளவு உடம்பையும் தூக்கிக்கொண்டெல்லோ வாறன்” என்பான்.

2005 புரட்டாதியில் இருவருக்கும் மாதா கோயிலில் கலியாணம் நடந்தது. நான்கு மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள். தை பிறக்க நகரத்தின் முகம் மாறிவிட்டது. றொபேட்டோடு வேலை செய்த ஒருவரைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை. றொபேட் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவான் என்று மரியமலரின் தாய் மாகிரட்டிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவனை வீட்டில் வைத்திருக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பத்தாம் நாள் அவன் கொழும்பு போனான். அங்கிருந்து எப்படியோ நோர்வே போய்ச் சேர்ந்தான்.

அவனோடு நிலாவெளி வீதியும் போனது. விடியற்புறம் ஊரடங்கு. பகலில் என்றால் நாலு இடத்தில் இறங்கி நின்று அடையாள அட்டை காட்ட வேண்டும். மரியமலர் தன் பந்தய சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, விறாந்தைச் சுவரில் மாட்டிவிட்டாள். ஒரு வருடம் அது அங்கேயே தொங்கியது.

2007 மாசியில் றொபேட் கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினான். அவன் இருந்த சின்ன ஊரில் சைக்கிள் கழகம் ஒன்று புதிய பயிற்சி இயந்திரங்கள் வாங்கியபோது பழையவை இரண்டைக் கழித்துவிட்டது. இரண்டையும் அவன் தூக்கி வந்தான். ஒன்றைச் சில மாதம் அவனே பாவித்துப் பார்த்து, பழுதில்லை என்று கண்டபிறகு அவளுக்கு அனுப்பினான். மற்றதை வைத்துக்கொண்டான்.

கொழும்பிலிருந்து ரயிலில் வந்த பெட்டியைத் திருகோணமலை நிலையத்தில் திறந்து காட்டச் சொன்னார்கள். இரும்புக் கால், உருளை, செப்புச் சுருள், நீள வயர், சின்னத் திரையோடு ஒரு பெட்டி. எல்லாவற்றையும் ஒரு சிப்பாய் நிலத்தில் பரப்பினான்.

“இது என்ன மிஸ்?”

“வீட்டுக்குள்ள சைக்கிள் ஓட. சைக்கிளின்ர பின்சில்லு இந்த உருளைக்கு மேல நிற்கும். மிதிச்சா சில்லு சுத்தும், சைக்கிள் போகாது.”

அவன் உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தான். “போகாத சைக்கிள் எதுக்கு மிஸ்?”

அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொண்டு போகச் சொன்னார்.

உருளைக்குள் மிதிப்பை எதிர்க்கிற மின்காந்தத் தடை இருந்தது. திரையில் ஏற்றம் என்று கொடுத்தால் உருளை இறுகும், மிதிக்கப் பாரமாகும். இறக்கம் என்றால் இளகும். வேகத்தோடு, கால் கொடுக்கிற வலு எத்தனை உவாற்று என்பதையும் திரை காட்டும். றொபேட் அதில் ஒரு பாதையைத் தானே பதிந்து வைத்திருந்தான். நானூறு மீற்றர் நீளம், நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயர்வு.

“என்ன பாதை எண்டு தெரியுதா?” என்று தொலைபேசியில் கேட்டான்.

அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். “உவர்மலை.”

“ஓம். என்ர மெசினிலையும் அதையே போட்டிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமைகளில ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுவம்.”

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பகல் பன்னிரண்டரைக்கு மரியமலர் சைக்கிளில் ஏறுவாள். அவனுக்கு அப்போது காலை ஒன்பது மணி. தொலைபேசியைக் கதிரையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் எண்ணுவான். பிறகு இரண்டு வீட்டிலும் சங்கிலிச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். கண்ணை மூடிக்கொண்டால் அவன் பக்கத்தில் ஓடுவது போல இருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்காக அவள் கிழமை முழுவதும் காத்திருந்தாள்.

ஆனால் திரை சொன்ன கணக்கு ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரே வேகத்தில் மிதிக்க, நாற்பது உவாற்று என்று காட்டும். அடுத்த கணம் முந்நூறு. தடை திடீரென்று இறுகும், விடும். மரியமலர் ரேடியோ திருத்துகிற ஜவாஹிரைக் கூட்டி வந்தாள். அவர் மீற்றரைச் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“டீச்சர், மெசின் சரி. ஒங்கட கரண்டுதான் சரியில்ல. இருநூத்தி முப்பது வரவேண்டிய எடத்துல நூத்தியெழுவது வருது. அது என்ன செய்யும் பாவம்?”

“அப்ப என்ன செய்யிறது, ஜவாஹிர் நானா?”

“குளிர்சாதனப் பெட்டிக்குப் போடுற ஸ்டெபிலைசர் ஒண்டு கடையில சும்மா கெடக்கு. தாறன். வச்சுப் பாருங்க.”

அதை வைத்தபின் முந்நூறுக்குத் தாவுவது நின்றது. என்றாலும் அழுத்தி மிதிக்கிறபோது சில்லு உருளையில் வழுக்கியது. ரயரில் காற்றுக் குறைவு. ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குக் காற்றடித்து, உருளையை ஒரே இறுக்கத்தில் வைத்தாள். வழுக்கல் நின்றது. பிறகு, தொடங்கும்போது காட்டுகிற கணக்கும் பத்து நிமிடம் கழிந்து காட்டுகிற கணக்கும் வேறாக இருந்தன. றொபேட்டிடம் கேட்டபோது, முதலில் பத்து நிமிடம் ஓடி ரயரையும் உருளையையும் சூடாக்க வேண்டும், பிறகு வேகமெடுத்துக் காலை எடுத்துவிட வேண்டும், சில்லு தானாக நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்த்து மெசின் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்றான். அப்படியே செய்தாள். உப்புக் காற்றில் துருவேறிய காந்தத் துண்டொன்றையும் அரத்தாளால் சுரண்டித் துடைத்தாள். வைகாசி முடிய, திரை ஆடாமல் அசையாமல் நின்றது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வருத்தம் வந்தது. மெசின் ஒழுங்காக வேலை செய்தது, அவள்தான் தோற்றுக்கொண்டிருந்தாள். உவர்மலைப் பாதையை றொபேட் ஒரு நிமிடம் ஐம்பது செக்கனில் முடித்தான். அவளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேலே போனது. நூற்றியெண்பது உவாற்றுக்கு மேல் அவளுடைய காலில் இருந்து வரவில்லை. நெஞ்சு வெடிக்க மிதித்தும் முடியவில்லை. மூன்று ஞாயிறு இப்படி நடந்தது.

“பரவாயில்லை மலர். ஒரு வருசமா ஓடாமல் இருந்தனீர்தானே. விட்டுப்போயிருக்கும், மெல்ல வரும்” என்றான் றொபேட்.

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்கு அது எங்கோ போய்த் தைத்தது. ஏற்றத்தில் காத்து நிற்கிறவள் நான். அவன் மனதில் வைத்திருக்கிறவளும் அவள்தான். அவளே இல்லாமல் போய்விட்டால் இவன் யாருக்காகப் பாதை பதிந்து அனுப்பினான்?

அடுத்த சனிக்கிழமை காலை அவள் சைக்கிளை உருளையிலிருந்து கழற்றினாள்.

“எங்க பிள்ளை போறாய்?” என்று கேட்டாள் மாகிரட்.

“உவர்மலைக்கு. என்ர கால் பழுதா, மெசின் பழுதா எண்டு பாக்கவேணும் அம்மா.”

“இந்த நாளையில சைக்கிளோட அங்க போய்?”

“பகல்தானே. அட்டை இருக்கு.”

அரச அலுவலகங்கள் உள்ள இடம்; காவல் பலம். அவள் அட்டையைக் காட்டிவிட்டு அடியிலிருந்து ஏறினாள். முதல் தரம் ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு செக்கன். இறங்கி மறுபடியும் ஏறினாள். நாற்பது. மூன்றாவது முறை ஏறி நின்றபோது காவலுக்கு நின்ற சிப்பாய் கூப்பிட்டான்.

“மிஸ், ஏன் மேல, கீழ, மேல, கீழ? யாரைப் பாக்கிறது?”

“ஒருத்தரையும் இல்லை. என்ர காலில எவ்வளவு பலம் இருக்கெண்டு பாக்கிறன்.”

அவன் அவளுடைய கையிலிருந்த கடிகாரத்தை வாங்கிப் பார்த்தான். கொப்பியைப் புரட்டினான். செக்கன்களைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. “இன்னும் ஒரு தடவை மட்டும்” என்று விரலைக் காட்டினான். நான்காம் முறை அவள் ஏறி முடித்தபோது அவனும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “முப்பத்தொன்பது” என்றான். மரியமலர் சிரித்தாள். வீதியில் நின்று சிரித்து எத்தனையோ மாதம்.

வீட்டுக்கு வந்து கொப்பியும் பேனையுமாக மேசையில் இருந்தாள். தன் பாரம், சைக்கிளின் பாரம், ஏறிய உயரம், எடுத்த நேரம், காற்றுக்கும் வீதிக்கும் கொஞ்சம். பத்தாம் வகுப்புக்கு அவள் படிப்பிக்கிற கணக்குத்தான். நூற்றியெண்பது உவாற்றுக்குக் கிட்ட வந்தது. திரை காட்டுகிற அதே நூற்றியெண்பது. ஆகவே வலுவைக் காட்டுவதில் மெசின் பொய் சொல்லவில்லை. அதே வலுவைக் கொடுத்தும் நிஜ மலையில் ஒரு நிமிடம் நாற்பது செக்கனில் வருகிறவள் மெசின் மலையில் இருபத்தைந்து செக்கன் பிந்துகிறாள். அப்படியானால் ஒரு காரணம்தான் இருக்க முடியும். மெசின் அவளை இன்னும் பாரமான ஆளென்று நினைத்துக்கொண்டு உருளையை இறுக்குகிறது.

அவள் திரையில் இருந்த பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் நோர்வே மொழி. கடைசியில் நாலு எழுத்துச் சொல் ஒன்றுக்கு நேரே 74 என்று இருந்தது.

ஞாயிறு அழைப்பு வந்ததும் அவள் அவனை எண்ண விடவில்லை. “வி, ஈ, கே, ரி. என்ன சொல் அது?”

அவன் மெதுவாகச் சொன்னான்: “பாரம். ஓடுற ஆளின்ர பாரம். ஐயோ மலர், நான் அதை மாத்த மறந்துபோனன். வந்த புதுசில என்ர பாரத்தைப் போட்டனான். இவ்வளவு நாளும் நீர் என்ர உடம்பையெல்லோ ஏத்தியிருக்கிறீர்.”

அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். எழுபத்து நான்கு. கலியாணத்துக்கு முந்தி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது தராசு காட்டியதும் அதுதான். வீட்டுக் கட்டிலின் அவன் பக்கம் இன்னும் பள்ளமாக இருந்தது அந்தப் பாரத்தால்தான். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதை ஏற்றத்தில் இழுத்திருக்கிறாள், தெரியாமலே.

“இழுத்தா என்ன” என்றாள்.

பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

“உங்கட மெசினில என்ன போட்டிருக்கு?”

“அதை விடும்.”

“சொல்லுங்கோ.”

“அறுபத்தாறு.”

அவள் கழித்துப் பார்த்தாள். எட்டுக் கிலோ. சாப்பாடு சரியில்லையா, வேலை கடினமா, காய்ச்சல், வருத்தம் ஏதும் வந்ததா? தொலைபேசியில் நல்லாயிருக்கிறன், நல்லாயிருக்கிறன் என்றுதானே சொன்னான்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்ல? தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிடேக்குள்ள இறங்குதில்லை. அவ்வளவுதான்.” பிறகு கேட்டான்: “நீர் இப்ப எவ்வளவு?”

“நாப்பத்தொன்பது.”

“ஐம்பத்திரண்டெல்லோ இருந்தனீர்.”

“ஓம்.”

இரண்டு பேரும் அன்று வெகுநேரம் கதைத்தார்கள். அவன் படுக்கிற அறையின் அளவு, குளிரில் மீன் தொழிற்சாலைக்கு நடக்கிற தூரம், அகதி வழக்கு இழுபடுகிற விதம் எல்லாவற்றையும் முதல்முறையாக மறைக்காமல் சொன்னான். அவளும் சொன்னாள். கட்டிலில் இன்றுவரை ஒரு ஓரத்தில்தான் படுக்கிறாள் என்பதையும் சொன்னாள். கதை முடிய, அவன் “எண்ணட்டோ?” என்று கேட்டான்.

அந்த எழுபத்து நான்கை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் பிழையான கணக்கோடு அவனோடு ஓடவும் விருப்பமில்லை. பொத்தானை அமர்த்தி ஒவ்வொன்றாகக் குறைத்து நாற்பத்தொன்பதில் நிறுத்தினாள். அன்று ஒரு நிமிடம் முப்பத்தெட்டில் மேலே போய்விட்டாள். அவன் இன்னும் ஏறிக்கொண்டிருந்த சத்தம் கதிரையில் இருந்த தொலைபேசியில் கேட்டது. அவள் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

பிறகும் இரண்டு வருடம் அப்படியே போனது. இணைப்புக் கிடைக்காத ஞாயிறுகள் பல. அப்போது தனியாக ஏறி, நேரத்தைக் கொப்பியில் எழுதி வைப்பாள். கிழமைக்கொரு தடவை இருவரும் தங்கள் பாரத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அவன் அறுபத்தெட்டுக்கு வந்தான். அதற்கு மேல் ஏறவில்லை.

அவனுடைய வழக்கு 2009 தொடக்கத்தில் வென்றது. வன்னியில் சண்டை முடிந்த வைகாசிக்கு அடுத்த ஆடியில், தாயைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு மரியமலர் நோர்வேக்கு விமானம் ஏறினாள்.

அந்தச் சின்ன ஊரின் ரயில் நிலையத்தில் மெலிந்த ஒருவன் நின்றான். அவளுக்கு இரண்டாம் தரம் பார்க்க வேண்டியிருந்தது. அவன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். வீடு கிட்டத்தான், நடக்கலாம் என்றான். மூன்றரை வருடம் இருவரும் தனித்தனியே நடந்து பழகிவிட்டார்கள். ஒருமுறை அவள் முன்னால் போய்விட்டாள், பிறகு அவன் போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் முன்னால் போனவர் நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.