மூன்று டார்ச்சும் ஒரு முன்பல்லும்

எங்கள் மல்லிகைத் தோட்டம் செம்பட்டி போகிற வழியில் இருக்கிறது. விடிவதற்குள் மொட்டைப் பறித்துவிட வேண்டும்; வெயில் ஏறினால் விரிந்துவிடும், சந்தையில் யாரும் சீந்த மாட்டார்கள். பறிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் டார்ச்சை நான் பல்லில் கடித்துக்கொள்வேன். தலையில் மாட்டுகிற லைட்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. பட்டை நெற்றியை இறுக்கியது, பூச்சியெல்லாம் கண்ணிலேயே வந்து விழுந்தது.

பதினோரு வருடம் கடித்ததில் என் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. "இன்னும் கடிச்சீங்கன்னா பல்லு கழண்டு கையில வந்துரும்" என்றார் பல் டாக்டர். மெல்லிசாக, எடை இல்லாமல் ஒரு டார்ச் வாங்கி வரும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதற்கு அந்த மனிதர் ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தார்.

நாகல் நகர் கடையில், பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேசி மூன்று டார்ச்சை எடுத்து வந்தார். மூன்றும் கறுப்பு, மூன்றும் உள்ளங்கை நீளம். மாற்றி வைத்தால் எது எதுவென்று எனக்குத் தெரியாது. ஒன்று பென்சில் பேட்டரியாம், ஒன்று சார்ஜ் போடுவதாம், மூன்றாவது இரண்டுக்கும் ஆகுமாம். ஒன்றில் மூன்று வகை வெளிச்சம், இன்னொன்றில் ஐந்து. அதில் ஒன்று விட்டு விட்டு மின்னும். மல்லிகைச் செடிக்கு எதற்கு மின்னுகிற வெளிச்சம்? நோட்டில் கட்டம் போட்டு மூன்றுக்கும் மார்க் கொடுத்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் வாசலில் நின்று எதிர்வீட்டுத் தென்னை மேல் டார்ச் அடித்தார்.

"இது முந்நூறு மீட்டர் போகுமாம். உச்சியில குரும்பை தெரியுது பாரு!"

"மொட்டு என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கு. அம்புட்டுத் தூரம் எனக்கு எதுக்கு?"

"ஒனக்குத் தெரியாது. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, இரும்பு மாதிரி இருக்கு."

கொடுக்கிற காசுக்கு இதுதான் லாயக்கு என்று கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது, மூன்றிலும் கனமானதை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இதை வாயில கடிச்சுக்கிட்டு செத்த நேரம் நில்லுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் கடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எச்சில் தாடையில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, "சரி, நாளைக்கு நானே வந்து பிடிக்கிறேன்" என்றார்.

வந்தார். முதல் வரிசையில் வெளிச்சம் என் கையைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. வேலி, பம்புசெட், பக்கத்துத் தோட்டத்து நாய். முந்நூறு மீட்டரையும் பார்த்துவிடுவது என்றே வந்திருந்தார் போலிருக்கிறது. நான் இரண்டு தடவை கத்திய பிறகுதான் மொட்டு கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது வரிசை பாதியில், "கை கடுக்குது. கொஞ்சம் நீ வச்சுக்கிறியா?" என்றார்.

என் இரண்டு கையிலும் பூ இருந்தது. எதில் வைத்துக்கொள்வாய் என்று அவர் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்து, அந்தப் பல்லை நாக்கால் முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினேன். வெளிச்சம் நேரே அதன் மேல் விழுந்தது.

டார்ச்சை அவர் இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.