யாரும் ஊர் கேட்காத படம்

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் நான் பாடம் நடத்திய கல்லூரியில் திரைப்படப் போட்டி வைத்தார்கள். நடுவர்களில் ஒருத்தியாக என்னையும் உட்கார வைத்தார்கள். பெண்ணியப் படம் ஒன்று இருக்கிறது, பேருக்கு ஒரு பொம்பளையும் இருக்கட்டும் என்ற நினைப்புதான், வேறென்ன.

தங்கையையும் கூட்டிப்போனேன். காரமடையில் புருஷனின் அடி தாங்காமல், மாற்றுப் புடவைகூட இல்லாமல் என் வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் மாப்பிள்ளை வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. என் வீட்டுக்காரரும் சரியென்று தலையாட்டிவிட்டார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். தனியாக விட்டுப்போக மனம் வரவில்லை.

படத்தில் இரண்டு பெண்கள் பழைய வேன் ஒன்றில் வீட்டை விட்டு ஓடுகிறார்கள். மலை, பொட்டல், பெட்ரோல் பங்க், ஓட்டல். எங்கேயாவது ஒருத்தர், 'எந்த ஊரு, யாரு ஊட்டுப் புள்ளை' என்று கேட்க வேண்டுமே. ஊகூம். எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே ஊரைக் கேட்பார்கள். அப்புறம் எந்தக் கூட்டம் என்று குலத்தைக் கேட்பார்கள். அடுத்த ஸ்டாப்புக்குள் மாமன் பேர்வரை வந்துவிடும், பொழுது சாய்வதற்குள் மாமியார் வீட்டுக்குச் சேதி போய்விடும். கேப்பையில் நெய் வடிகிறதென்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? படத்தை எடுத்தவரும் ஆம்பளைதான். பத்துக்கு மூன்று போட்டேன். தங்கை மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, எந்தூருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள். "கருமத்தம்பட்டிங்க. தறி போட்டிருக்கறோமுங்க. சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போறோமுங்க."

சின்னதிலிருந்து ஒரு பொய் சொல்லத் தெரியாதவள். நல்லவேளை, எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எதுக்கு கண்ணு அப்படிச் சொன்னே?"

"படத்துல யாரும் கேக்கலீங்க்கா. இங்க கேப்பாங்கல்ல. சொல்லிப் பழகறேன்."

கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. கழுத்தோரம் அவளுக்குக் காயம் இன்னும் ஆறவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தோம். வாசலில் என் வீட்டுக்காரர் நிற்பது தெரிந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அடுத்து எந்தக் கூட்டம்னு கேப்பாங்க. அதுக்கும் ஒண்ணு யோசிச்சு வெச்சுக்கோ."